கூலியும் குடிக்கூலியும்
டெங்கில் வட்டாரத் தோட்ட வீடுகளும் வாடகைச் சட்டமும்

தமிழில் 'கூலி' என்னும் சொல் இரு பொருள்களில் வழங்கும். உழைப்புக்கு ஈடாகப் பெறுவதும் கூலி. பிறர் உடைமையைப் பயன்படுத்துவதற்கு ஈடாகக் கொடுப்பதும் கூலி. வண்டிக்குக் கொடுப்பது வண்டிக்கூலி. குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுப்பது குடிக்கூலி. 'வாடகை' என்னும் சொல் பிற்காலத்தில் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. ஆயினும் பழைய சொல் ஓர் உண்மையை உணர்த்துகிறது. பெறும் கூலி ஒரு கணக்கு. கொடுக்கும் குடிக்கூலி மற்றொரு கணக்கு. இவ்விரண்டும் தனித்தனியே நிற்கும் வரையில், வேலை போன நாளிலேயே ஒருவனுக்கு வீடும் போய்விட வேண்டும் என்பதில்லை.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் இவ்விரு கணக்குகளும் ஒன்றாக்கப்பட்டன. பால்மரம் வெட்டியவர்கள் லயத்தில் வாடகையின்றிக் குடியிருந்தனர். வாடகை கொடாதது அவர்களுக்குச் சலுகை எனவே அக்காலத்தில் எண்ணப்பட்டது. ஆனால் வாடகை கொடாதவன் வாடகைதாரன் ஆகான் என்பது சட்டத்தின் பார்வை. அந்தச் சலுகைக்கு எத்தகைய விலை கொடுக்க நேர்ந்தது என்பதைச் சிலாங்கூர் மாநிலத்தின் டெங்கில் வட்டார வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பெரும்போர் தந்த பெயர்

டெங்கில் லங்காட் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர். செப்பாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒருபுறம் ஈயச் சுரங்கங்களும் மறுபுறம் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்திருந்த இவ்வூரின் அண்மையில், 1921-ஆம் ஆண்டில் ஒரு புதிய தோட்டம் திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய ஆங்கிலப் படை அதிகாரிகள் சிலர் காட்டை அழித்து அதனை உருவாக்கினர். தாங்கள் கண்டு மீண்ட போரின் நினைவாக அதற்குப் 'பெராங் புசார்' என்று பெயரிட்டனர். மலாய் மொழியில் அதற்குப் 'பெரும்போர்' என்பது பொருள். இத்தோட்டம் ரப்பர் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றது. இங்கே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட ஒட்டுமர வகைகள் 'பி.பி.' என்னும் எழுத்துகளைத் தாங்கிப் பல நாடுகளுக்குச் சென்றன.

அதே பெரும்போர் வேறொரு நாட்டில் வேறொரு விளைவை உண்டாக்கியது. 1915-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், போர்த் தளவாடத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் திரண்டு வந்தமையால் வீடுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதனைப் பயன்படுத்தி வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். ஆண்கள் போர்க்களத்தில் இருக்க, மேரி பார்பர் முதலிய பெண்கள் முன்னின்று வாடகை மறுப்புப் போராட்டத்தை நடத்தினர். ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் அதில் கலந்துகொண்டன. அவ்வாண்டு முடிவதற்குள் பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. போர் மூண்ட 1914 ஆகஸ்டு மாத அளவுக்கு மேல் வாடகையை உயர்த்தலாகாது என்று அச்சட்டம் விதித்தது.

சென்னையிலும் அக்காலத்தில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. பிறர் மனையை வாடகைக்குப் பிடித்து, அதில் தம் செலவில் வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் நகரில் பலர் இருந்தனர். மனையின் விலை ஏறியதும் அவர்களை வெளியேற்ற முயன்றோர் பெருகினர். அவர்களைக் காக்கும் பொருட்டுச் சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம் 1921-ஆம் ஆண்டின் பெயரால் பிறந்தது. வெளியேற்றப்படுவோர் தாம் கட்டிய வீட்டுக்கு இழப்பீடு பெறலாம். அன்றி, அந்த மனையையே தமக்கு விற்குமாறு உத்தரவிடும்படி நீதிமன்றத்தை வேண்டலாம். நெடுங்காலம் நம்பிக் குடியிருந்தமையே ஓர் உரிமைக்கு வித்தாகலாம் என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது.

ஆக, பெராங் புசார் திறக்கப்பட்ட காலத்தில் வாடகைதாரரின் உரிமை என்னும் கருத்து கிளாஸ்கோவிலும் சென்னையிலும் சட்டமாகிவிட்டது. சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்து பெராங் புசார் போன்ற தோட்டங்களில் காடு திருத்தியவர்களுக்கு அவ்வுரிமை எட்டவில்லை.

லயத்தின் சட்டநிலை

தோட்ட முதலாளி தன் தொழிலாளர்க்கு இருப்பிடம் தரவேண்டும் என்பது ஆங்கில ஆட்சியின் தொழிலாளர் சட்டங்களிலேயே இருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு இதில் முக்கியமானது. ஆனால் அவ்விதிகள் வீட்டைச் சுகாதாரப் பொருளாகவே நோக்கின. தண்ணீர், கழிவுநீர்க்கால், ஓர் அறையில் எத்தனை பேர் என்பனவற்றைப் பற்றிய விதிகள் இருந்தன. அந்த வீட்டில் தொழிலாளி எத்தனை நாள் இருக்கலாம், அவனை எவ்வாறு வெளியேற்றலாம், வெளியேற்றினால் அவன் எங்கே போவான் என்பவை அவற்றின் கவலையாக இல்லை.

1966-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டமும் வீட்டின் தரத்தை உயர்த்தின. குழாய்நீர், மின்சாரம், பிள்ளைகளுக்கு ஆயக்கொட்டகை ஆகியன வந்தன. ஆயினும் வீடு வேலையின் பகுதியாகவே நீடித்தது. ஆங்கிலச் சட்ட மரபில் இதற்குப் பெயர் உண்டு: வேலையின் பொருட்டு வீட்டில் இருப்பவன் வாடகைதாரன் அல்லன், முதலாளியின் இசைவினால் இருப்பவன். வேலை முடிந்தால் இசைவும் முடியும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே ஊழியரும் பிற அரசாங்க ஊழியரும் குடியிருந்த குவார்ட்டர்சுகளின் நிலையும் அடிப்படையில் இதுவே.

இச்சட்டநிலை தொழிலாளியின் அன்றாட வாழ்வை எவ்வளவு ஆழமாகத் தொட்டது என்பதற்கு 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் சான்று. ஆர். எச். நாதன் முதலியோர் வழிகாட்டக் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் இருந்தன. துரைமார் முன்னிலையில் சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் இருந்தது. அவற்றோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமையும் கேட்கப்பட்டது. தன் வீட்டுக்கு மைத்துனன் வருவதற்கு மனுப்போட வேண்டிய நிலையில் இருந்தவனை வாடகைதாரன் என்று எவ்வாறு கூறுவது? வாடகைக்கு ஒரே ஓர் அறை எடுத்தவனுக்கும் கதவைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை உண்டு. லயத்துக் கதவின் உரிமை துரையின் பங்களாவில் இருந்தது. அவ்வேலைநிறுத்தம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

நகரத்துக்கு ஒரு சட்டம், தோட்டத்துக்கு ஒரு சட்டம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவின் நகரங்களில் வாடகைக் கட்டுப்பாடு வலுப்பெற்றது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்தியது. கோலாலம்பூர், கிள்ளான், பினாங்கு ஆகிய ஊர்களின் பழைய கடைவீடுகளில் குடியிருந்தவர்கள் இதனால் பெரும் பயன் பெற்றனர். வாடகையை மனம்போல் உயர்த்த முடியாது. சட்டம் கூறும் காரணமின்றி வெளியேற்ற முடியாது. பிணக்கு எழுந்தால் வாடகைத் தீர்ப்பாயத்தை நாடலாம். இச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1997-இல் நிறைவேறியது. 1999-ஆம் ஆண்டு முடிவோடு மாற்றக் கால அவகாசமும் தீர்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் வாழ்ந்த பலர், குறிப்பாகப் பினாங்கின் ஜார்ஜ்டவுனில், அதன்பின் இடம்பெயர நேர்ந்தது.

லயங்களிலும் 1948-க்கு முன் கட்டப்பட்டவை ஏராளம். ஆனால் கட்டடம் பழையதாயிருந்தும் பயனில்லை. உள்ளே இருந்தவர் வாடகைதாரராக இல்லாமையால் அச்சட்டத்தின் நிழல் அவர்மேல் விழவில்லை.

அதன் விளைவு 1950-களிலேயே தெரியவந்தது. அந்நியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க முற்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். 'தோட்டத் துண்டாடல்' என்று மலேசியத் தமிழர் இன்றும் நினைவுகூரும் அவ்விற்பனைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். 1951 முதல் 1960 வரையில் நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து எழுதினார். இதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. நிலம் யாருடையதோ அவருடையதே வீடு என்ற சட்டத்தை மாற்ற இயலாவிடில், நிலத்தையே நம்முடையதாக்கிக் கொள்வோம் என்பது அம்முயற்சியின் உட்கருத்து. எனினும் நாட்டிலிருந்த தோட்டங்கள் அனைத்தையும் அவ்வாறு வாங்கிவிட இயலவில்லை.

புத்ராஜெயா எழுந்த இடம்

1990-களில் டெங்கில் வட்டாரத்தின் தோற்றமே மாறியது. செப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் 1998-இல் திறக்கப்பட்டது. சைபர்ஜெயா நகரம் டெங்கில் முக்கிம் நிலத்தில் எழுந்தது. கூட்டரசின் புதிய நிர்வாகத் தலைநகராகிய புத்ராஜெயா, பெராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில் அமைந்தது. 1995-இல் தொடங்கிய அப்பணியில் 4,931 ஹெக்டேர் நிலம் அடங்கியது. 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்கு இடம் மாறியது. 2001 பிப்ரவரி முதல் நாளில் அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று.

நிலத்துக்கு உரியவர்கள் தோட்டக் கம்பெனிகள். ஆதலின் நிலத்தின் விலை அவர்களுக்கே உரியதாயிற்று. அந்நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு என்ன உரியது? 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகள் இதற்கு ஒரு கணக்கைத் தருகின்றன. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் கூலி; ஐந்து ஆண்டுக்குக் குறைவாயின் பதினைந்து நாள்; ஐந்தும் அதற்கு மேலும் ஆயின் ஆண்டுக்கு இருபது நாள் கூலி. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் 600 நாள் கூலிக்கு உரியவர். வேலைக்கு ஈடு இவ்வாறு நாட்கணக்கில் வகுக்கப்பட்டது. வீட்டுக்கு ஈடு அவ்விதிகளில் ஓர் இடத்திலும் இல்லை. கொடுக்காத குடிக்கூலிக்குக் கணக்கு இல்லாதது போலவே, பறிபோன குடிக்கும் கணக்கு இல்லை.

பெராங் புசார், செட்ஜ்லி, மெடிங்லி, காலவே ஆகிய நான்கு தோட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 400 குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தங்களுக்குத் தரைவீடு கட்டித் தருவதாக வாக்களிக்கப்பட்டது என்பது அம்மக்களின் நீண்டகால வாதம். அடுக்குமாடியில் சில ஆண்டுகளிலேயே சுவர்களில் வெடிப்பும் கூரையில் கசிவும் காணப்பட்டன. புதிய தலைநகரின் அகன்ற சாலைகளுக்கு அருகே, அச்சாலைகள் போடப்பட்ட மண்ணில் மரம் நட்டவர்களின் பிள்ளைகள் விரிசல் விட்ட சுவர்களைக் காட்டி மனுக்கள் கொடுத்த வண்ணம் இருந்தனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசியல் தலைவர்கள் வந்தனர்; பார்த்தனர்; உறுதிமொழி கூறினர்.

இங்கே கேள்வி ஒன்று எழுகிறது. வாக்களித்தது உண்மையாயின், நீதிமன்றத்தில் அதனை நிலைநாட்ட இயலாதா? இதற்கு விடை காண, நிலத்தில் குடியிருப்போரை மலேசியச் சட்டம் எவ்வாறு பிரித்துப் பார்க்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

மூவகைக் குடியிருப்போர்

பிறர் நிலத்தில் அல்லது வீட்டில் இருப்போர் மூவகையினர். முதல்வகை வாடகைதாரர். இவருக்குக் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு, மற்றவர் தலையீடின்றி இருக்கும் உரிமை உண்டு. 1950-ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இவருக்கு ஓர் அரணாக நிற்கிறது. வாடகைக் காலம் முடிந்த பின்னும் இவர் வெளியேறாவிடில், வீட்டுக்காரர் நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே வீட்டை மீட்க வேண்டும். பூட்டை மாற்றுவதும், சாமான்களைத் தெருவில் எறிவதும், தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து வெளியேற நெருக்குவதும் சட்டத்துக்குப் புறம்பான வழிகள்.

இரண்டாம் வகை இசைவினால் இருப்பவர். விருந்தினர், காவலாளி, லயத்துத் தொழிலாளி முதலியோர் இதில் அடங்குவர். இசைவைத் தந்தவர் அதனைத் திரும்பப் பெறலாம். வெளியேறுவதற்குத் தகுந்த அவகாசம் தந்தால் போதும். 7-ஆம் பிரிவின் அந்த அரண் வாடகையை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டதாகையால் இவருக்கு அது நேரே உதவுவதில்லை.

மூன்றாம் வகை இசைவின்றி இருப்பவர். புறம்போக்குக் குடியினர் என்று வழங்கப்படுபவர். பேராக் மாநிலத்தில் காடு திருத்திக் குடியேறிய சீடேக் முதலிய 462 பேர் தொடுத்த வழக்கில், இத்தகையோருக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, நியாய முறைமையிலும் உரிமை இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. இவர்களை விரைவில் வெளியேற்றுவதற்கென நீதிமன்ற விதிகளின் 89-ஆம் கட்டளை ஒரு சுருக்கமான முறையை வகுத்துள்ளது. முழு விசாரணையின்றிச் சத்தியக் கடுதாசிகளின் பேரிலேயே உத்தரவு பெறலாம். வாடகைக் காலம் முடிந்தபின் தங்கியிருப்பவர்மீது அந்தக் குறுக்குவழியை ஏவலாகாது என அக்கட்டளையே விலக்கு அளித்திருப்பது கவனிக்கத்தக்கது. வாடகைதாரர் என்னும் பெயருக்கு உள்ள மதிப்பு இதனால் விளங்கும்.

இரண்டாம் வகையினர் வேலை முடிந்த மறுகணமே மூன்றாம் வகைக்குத் தள்ளப்படும் அபாயம் உண்டு. தோட்டம் விற்கப்படுகிறது, வேலை முடிகிறது, இசைவு மீட்கப்படுகிறது, அதே வீட்டில் பிறந்து வளர்ந்தவர் ஒரே மாதத்தில் அத்துமீறிக் குடியிருப்பவராகிறார். வீடு மாறவில்லை, ஆள் மாறவில்லை. சட்டம் சூட்டும் பெயர் மட்டுமே மாறுகிறது. மலேசியாவில் தோட்டப்புற வெளியேற்ற வழக்குகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் சிக்கல் இதுவே.

ஆயினும் கதவு முற்றிலும் அடைபடவில்லை. அதிகாரிகளின் ஊக்குவிப்பை நம்பி நிலத்தில் இருந்தவர்களை வெறும் அத்துமீறியவர்களாகக் கருதலாகாது. அத்தகைய வாதம் எழும்போது சுருக்கமுறை பொருந்தாது. முழு விசாரணை வேண்டும் என்னும் கொள்கையை 1991-இல் பொஹாரி தாயிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒருவர் சொன்ன சொல்லை நம்பி மற்றவர் தம் நிலையை மாற்றிக்கொண்ட பின், சொன்னவர் அச்சொல்லை மறுத்துப் பேசலாகாது என்பதும் நியாய முறைமையில் ஊன்றிய கோட்பாடு. தரைவீட்டு வாக்குறுதியை நம்பி லயத்தைக் காலி செய்தோர்க்கு இக்கோட்பாட்டைவிடப் பொருத்தமானது வேறில்லை.

ஆனால் கோட்பாடு தானாக வாதாடாது. யார் சொன்னார், எப்பொழுது சொன்னார், எந்த அதிகாரத்தில் சொன்னார், எழுத்தில் உள்ளதா என்று நீதிமன்றம் கேட்கும். மேடையில் சொன்ன சொல்லும் லயத்து வாசலில் சொன்ன சொல்லும் சாட்சியத்தில் மெலிந்துவிடும். கங்காணி காலம் முதல் வாய்ச்சொல்லையே பத்திரமாக நம்பி வாழ்ந்த ஒரு சமுதாயத்துக்கு இது கடுமையான பாடம். தோட்ட மக்கள் பலர் நீதிமன்றத்தைவிட அரசியல் மேடையையும் மறியலையும் நாடியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அவர்களிடம் நியாயம் இருந்தது, காகிதம் இல்லை.

இந்நிலை மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் லயன் அறைகளில் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. அங்கும் குடியிருந்த அறைக்கு உறுதிப் பத்திரம் இல்லை. அண்மைக் காலத்தில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் உறுதியோடு வழங்கவேண்டும் என்பது அங்குள்ள கோரிக்கையின் மையமாயிற்று. இரு நாட்டிலும் கேட்கப்படுவது கூரை மட்டுமன்று. கூரைமேல் உரிமை கூறும் எழுத்தும் ஆகும்.

தோட்டத்தை விட்டு வெளிவந்தோர்

தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்களும் அவர்களின் மக்களும் டெங்கிலிலும் காஜாங்கிலும் கிள்ளானிலும் வாடகை வீடுகளில் குடியேறினர். கூலியும் குடிக்கூலியும் இப்பொழுது பிரிந்து நிற்கின்றன. அதனால் லயத்தில் கிடையாத உரிமைகள் இவர்களுக்கு உண்டு. ஆனால் லயத்துப் பழக்கம் எளிதில் மறைவதில்லை. வாய்ப்பேச்சிலேயே வீடு பிடிப்பதும், ரசீது வாங்காமல் பணம் கொடுப்பதும், வீட்டுக்காரர் 'போ' என்றவுடன் மூட்டை கட்டுவதும் இன்றும் காணப்படுகின்றன. ஆகவே பிணக்கு எழும்போது வாடகைதாரர்க்கு உள்ள வழிகளை இங்குத் தொகுத்துக் கூறுதல் பயனுடையது.

முதலாவது, ஒப்பந்தம். மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத வாடகையை நிலப் பதிவேட்டில் பதிய வேண்டியதில்லை என்று 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் கூறுகிறது. வாய்மொழி வாடகையும் செல்லும். எனினும் வீடு கைமாறினால், பதிவேட்டில் குறிப்பு ஏற்றப்படாத வாடகை புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாமற் போகலாம். வேண்டுவோர் தம் வாடகையை உரிமைப் பத்திரத்தில் குறிப்பாக ஏற்றிக்கொள்ள அச்சட்டம் வழி செய்துள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டதாயின் அது குத்தகையாகிவிடும். அதனைப் பதிவு செய்தே ஆக வேண்டும். எழுதிய ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்துவதும் தேவை. முத்திரையிடாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை.

இரண்டாவது, வெளியேற்றம். மாத வாடகையாயின் ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பது வழக்கம். முன்னறிவிப்பு முடிந்தபின்னும் வீட்டுக்காரர் நீதிமன்ற உத்தரவு பெற்றே மீட்க வேண்டும் என்பது முன்னே கூறப்பட்டது. தாமே பலவந்தமாக வெளியேற்றினால், வெளியேற்றப்பட்டவர் உடைமையை மீட்கவும் நட்டஈடு பெறவும் வழக்குத் தொடுக்கலாம். வாடகைப் பிணக்குகளைச் செஷன்ஸ் நீதிமன்றம் தொகை வரம்பின்றி விசாரிக்கும் அதிகாரம் பெற்றது. ஆனால் இவ்வுரிமை சும்மா இருப்பதற்கு அனுமதியன்று. காலம் கடந்து தங்குவோரிடம் இருமடங்கு வாடகை கேட்கும் உரிமையை 1956-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு வீட்டுக்காரர்க்கு அளிக்கிறது.

மூன்றாவது, வாடகைப் பாக்கி. 1951-ஆம் ஆண்டின் பற்றுகைச் சட்டப்படி, பன்னிரண்டு மாதம் வரையிலான பாக்கிக்காக வாடகைதாரரின் அசையும் பொருள்களைப் பற்றுகை செய்யுமாறு வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். வருபவர் நீதிமன்றச் சேவகர். வீட்டுக்காரரின் ஆட்கள் தாமாக வந்து எதையும் தூக்கிச் செல்லலாகாது. சேவகர் வந்தாலும் உடுக்கும் துணியும் படுக்கையும் பற்றுகைக்கு உட்படா. பாக்கி இல்லையென்றோ பொருள் தமதன்று என்றோ கூறுவோர் அதே நீதிமன்றத்தில் எதிர்மனுச் செய்யலாம்.

நான்காவது, முன்பணம். வீடு காலி செய்தபின் முன்பணத்தைத் திருப்பித் தராமையே அடிக்கடி எழும் பிணக்கு. 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகையாயின், 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93-ஆம் கட்டளைப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறுவழக்குத் தொடரலாம். அங்கு வழக்கறிஞர் வைக்க இயலாது. உரியவரே நின்று பேச வேண்டும். ஆகவே ரசீதும், குடிபுகுந்த நாளில் வீடு இருந்த நிலையைக் காட்டும் படங்களுமே அவருக்கு வழக்கறிஞர்.

ஐந்தாவது, பழுது. கூரை ஒழுகினால் சரிசெய்வது யார் பொறுப்பு என்று பொதுவாக விதிக்கும் தனிச்சட்டம் அங்கில்லை; ஒப்பந்தத்தில் எழுதியதே விதி. இக்குறையை நீக்க வாடகை வீடுகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றும் யோசனையை வீடமைப்பு அமைச்சு ஆராயத் தொடங்கியது. இவ்வகையில் தமிழ்நாடு ஒரு படி முன்னே சென்றது. 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த அதன் வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அதனைப் பதிய வாடகை அதிகாரியை நியமித்தது. குடியிருப்பு வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்றும் வரையறுத்தது.

காகிதத்தின் மதிப்பு

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பெராங் புசாரின் மரங்களுக்குப் பெயரும் எண்ணும் இருந்தன. ஒவ்வொரு வகையும் பதிவேட்டில் ஏறியது. அவற்றின் வமிசத்தை இன்றும் சொல்லலாம். அம்மரங்களைப் பேணிய குடும்பங்கள் எந்த வீட்டில், எந்த ஆண்டு முதல், எந்த உரிமையில் இருந்தன என்பதற்கு அத்தகைய பதிவேடு இல்லை. குடும்பங்கள் பதிவேட்டில் ஏறியது கூலிக் கணக்குக்காக மட்டுமே. வீட்டுரிமை கேட்கும் காலம் வந்தபோது அக்கணக்குப் போதவில்லை.

தாமான் பெர்மாத்தா மக்களின் வழக்கு இரக்கத்தின்பாற்பட்டது என்று சிலர் கருதக்கூடும். அது சரியன்று. வீடு கூலியின் பகுதி என்று சொல்லி, வீட்டைக் காட்டிக் குறைந்த கூலி கொடுத்த காலம் முழுவதும் அத்தொழிலாளர் தம் உழைப்பினாலேயே குடிக்கூலியைச் செலுத்தி வந்தனர். அது வேறு பெயரில் பிடித்துக்கொள்ளப்பட்டமையால் ரசீது மட்டும் கிடைக்கவில்லை. ரசீது இல்லாத அக்கடனை நாட்டின் சட்டமன்றங்கள் ஏற்றுத் தீர்த்தல் கடமை. சென்னையின் பழைய சட்டம் அதற்கு ஒரு முன்மாதிரி. இனி வாடகைக்கு வீடு பிடிக்கும் அவர்தம் மக்கள், முதல் மாதப் பணத்தை நீட்டும் கையோடு ரசீதைக் கேட்டு வாங்கி, ஒப்பந்தத்தில் முத்திரையிட்டு, அதன் படியைப் பெட்டியில் பூட்டி வைத்தல் நலம். பாட்டனுக்கு இல்லாதிருந்த அரண் பேரனுக்கு அந்தப் பெட்டியில் இருக்கிறது.